காற்றில் ஏறிய பாட்டு – 17: ஐம்பது வாட் முத்திரை

பங்குனி, சித்திரையில் பல்லடம், அவிநாசி, காங்கயம் பக்கம் போனால் மாரியம்மன் நோம்பி நோட்டீஸ் ஒட்டாத சுவரைப் பார்ப்பது அரிது. மேலே அம்மன் படம். கீழே பூச்சாட்டு, கம்பம் நடுதல், மாவிளக்கு, மஞ்சள் நீராட்டு என்று நாள்வாரியாக நிகழ்ச்சி நிரல். அடியில், கொஞ்சம் பெரிய எழுத்தில், இரவு நிகழ்ச்சிகள். எழுபது, எண்பதுகளில் அந்த அடிப்பகுதியில் ஒரு அடைமொழி கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்: 'வானொலிப் புகழ்'. பிறகு தொலைக்காட்சியும் சேர்ந்துகொண்டு 'வானொலி, தொலைக்காட்சி புகழ்' என்றானது. கச்சேரிக்காரர், வில்லுப்பாட்டுக்காரர், பட்டிமன்றப் பேச்சாளர் எல்லாருக்கும் பெயருக்கு முன்னால் அது வந்து உட்கார்ந்தது.

விழாக் கமிட்டிக்கு அந்த இரண்டு சொல் பெரிய துணை. வரப்போகிற குழு பாடுவதை அவர்கள் நேரில் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் வானொலி நிலையத்தில் விவரம் தெரிந்த யாரோ உட்கார்ந்து கேட்டு, 'பாடலாம்' என்று சொல்லியிருக்கிறார். ஊர் வரிப்பணத்தில் முன்பணம் கொடுப்பவருக்கு அந்த ஒரு நம்பிக்கை போதும்.

சென்ற இதழில் கேசட் கடைகளின் காலத்தைப் பார்த்தோம். கேசட், பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனது. ஆனால் பெயர் தெரியாத ஒரு குழுவை நம்பிக் கேட்கலாம் என்று ஊருக்கு எடுத்துச் சொன்னது யார்? அமெரிக்காவில் இந்த வேலையைப் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள் நடத்திய சின்னச் சின்ன வானொலி நிலையங்கள் செய்தன. நம் பக்கம் அரசு வானொலியும் இலங்கை வானொலியும் செய்தன. கல்லூரி வானொலி இங்கே வந்து சேர்ந்தபோது 2004 ஆகிவிட்டது. வந்த பிறகும் அந்த வேலை அதன் கைக்கு முழுதாக வரவில்லை. கொங்கு நாட்டுப் பாட்டுக் குழுக்களுக்கு இதில் நேர்ந்த இழப்பு பெரிது. அதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

கோவை வானொலி நிலையம் 1966-இல் தொடங்கியது. அதற்கு முன்னால் கொங்குப் பகுதி திருச்சியையும் சென்னையையும் கேட்டுக்கொண்டிருந்தது. திருச்சி நிலையம் 1939-லும் சென்னை நிலையம் 1938-லும் பிறந்தவை. பாட வேண்டுமானால் குரல் தேர்வு. இந்தத் தேர்வு முறை ஐம்பதுகளில் உறுதிப்பட்டது. பாடுபவர் யார், எந்த ஊர், யாருடைய சீடர் என்பது தேர்வாளருக்குத் தெரியக்கூடாது. ஒலிப்பதிவும் ஒரு எண்ணும் மட்டும் அவர் முன்னால் வரும். தேறினால் பி கிரேடு; பிறகு பி ஹை, ஏ; உச்சியில் டாப். பெரிய வித்வான்களுக்கு இந்த ஏற்பாடு கோபமூட்டியது. முப்பது வருடம் கச்சேரி செய்தவரைத் தேர்வு எழுதச் சொன்னால் கோபம் வராமல் என்ன செய்யும்! ஆனால் சபாவும் சங்கீதக் குடும்பமும் இல்லாத ஓர் ஊரிலிருந்து பஸ் ஏறி வரும் இளைஞனுக்கு அந்த எண் பெரிய நியாயம் செய்தது. அவன் சாதியும் சட்டையும் தேர்வாளர் கண்ணில் படவில்லை.

1969-இல் டெல்லியில் 'யுவவாணி' தொடங்கியது. இளைஞர்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கும் வழக்கம் மற்ற நிலையங்களுக்கும் பரவியது. தமிழ் நிலையங்களில் 'இளையபாரதம்' என்ற பெயரில் அது ஒலித்தது. கல்லூரி மாணவர்கள் வந்து கவிதை வாசித்தார்கள், உரையாடினார்கள், கூட்டாகச் சேர்ந்து மெல்லிசை பாடினார்கள். தமிழ்நாட்டில் அக்காலத்தில் கல்லூரி வானொலி என்று எதையாவது சொல்லலாம் என்றால் அது இந்த அரை மணி நேரம்தான். ஒலிபரப்பான மறுநாள் கல்லூரி விடுதியிலும் அந்தப் பையனின் தெருவிலும் அவன் மதிப்பு வேறு.

வானொலி தந்த அந்த முத்திரைக்கு எல்லைகள் இருந்தன. 1940 முதல் முப்பது வருடத்துக்கு மேல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை உள்ளே விடவில்லை. நாடக மேடையும் தெருப்பாட்டும் கட்சிக் கூட்டமும் எந்தப் பெட்டியை வைத்துப் பாடினவோ, அந்தப் பெட்டிக்கே வாசலில் தடை. 1952-இல் அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில் திரைப்பாட்டும் வெளியே போனது. சுருதி சுத்தம், உச்சரிப்புச் சுத்தம், அடக்கம்: வானொலி இவற்றைத்தான் தேடியது. புதிதாக எதையாவது செய்து பார்க்க நினைத்த குழு வேறு மேடை தேடிப் போக வேண்டியிருந்தது. பாவலர் வரதராஜனும் தம்பிகளும் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடிப் பெயர் எடுத்தார்கள். அந்தத் தம்பிகளில் ஒருவர் பிற்பாடு இளையராஜா ஆனார். எண்பதுகளில் முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் கலை இரவுகள் அதே வேலையைத் தொடர்ந்தன. தொழிற்சங்கம் வேரூன்றிய திருப்பூரில் அந்த மேடைகளுக்கு விடிய விடியக் கூட்டம் இருந்தது.

வானொலிக்கு உள்ளேயே வேறு கதவு திறந்தது கடலுக்கு அந்தப் பக்கம். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950-இல் தொடங்கியது. கேஸ்கர் கதவை மூடியதும் இந்தியாவின் திரைப்பாட்டு ரசிகர்கள் எல்லாரும் வானொலி முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். எஸ்.பி. மயில்வாகனன் தொடங்கி கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் வரை அதன் அறிவிப்பாளர்களின் பெயர் தெரியாத தமிழ் வீடு குறைவு. திரைப்பாட்டுக்கு நடுவே அந்த நிலையம் உள்ளூர்க் குழுக்களுக்கும் இடம் விட்டது. கல்லூரி நாள்களிலேயே பாடத் தொடங்கிய நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாட்டோடு ஈழத்துப் பாப்பிசைக்கு முகவரி தந்தார். ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' எழுபதுகளில் கடல் கடந்து வந்தது. இளையராஜா அதை 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் மலேசியா வாசுதேவன் குரலில் எடுத்தாண்டார். சினிமாவுக்கு வெளியே பிறந்த ஒரு தமிழ்ப் பாட்டை சினிமா தேடி வந்து வாங்கிப் போனது. அதற்கு முன் அந்தப் பாட்டுக்கு ஊரறிந்த பெயரை வாங்கிக் கொடுத்தது காற்று.

இதே ஆண்டுகளில் அமெரிக்காவில் நடந்தது வேறு கதை. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1948-இல் அந்நாட்டு ஒலிபரப்பு ஆணையம், பத்து வாட் சக்தியில் கல்வி நிறுவனங்கள் எஃப்.எம். நடத்தலாம் என்றது. பத்து வாட் என்றால் இரவில் படிக்கிற மேசை விளக்கின் மின்சாரம். ஊர் எல்லை தாண்டுவதே கடினம். எஃப்.எம். வரிசையின் கீழ்க்கோடியில், 88-க்கும் 92-க்கும் இடையே, இவர்களுக்கென்று இடம் ஒதுக்கப்பட்டது. விளம்பரம் கிடையாது. நிகழ்ச்சி நடத்தும் மாணவருக்குச் சம்பளமும் கிடையாது.

அந்தச் சம்பளமில்லாத தன்மைதான் பிற்காலத்தில் அவர்களின் பலமானது. 1959-60-இல் அமெரிக்க வணிக வானொலிகளில் பெரிய ஊழல் வெடித்தது. இசைத்தட்டுக் கம்பெனிகளிடம் கைநீட்டிக் காசு வாங்கிக்கொண்டு பாட்டைப் போட்டார்கள் என்பது நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்தது. புகழின் உச்சியில் இருந்த ஆலன் ஃப்ரீட் என்ற அறிவிப்பாளரின் வாழ்க்கையே அதில் சரிந்தது. அதன் பிறகு வணிக வானொலி ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டால், 'எவ்வளவு கொடுத்தார்களோ' என்று கேட்பவர் மனம் கணக்குப் போட்டது. நள்ளிரவில் தூக்கம் விழித்து யாரும் கேட்டிராத ஒரு குழுவின் தட்டைப் போடும் பத்தொன்பது வயது மாணவரிடம் அந்தச் சந்தேகம் எழவில்லை. பிடித்ததால் போடுகிறார், அவ்வளவுதான். அவர் சொல்லை நம்பி மறுநாள் தட்டு வாங்கினார்கள்.

ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்று ஒரு பல்கலைக்கழக ஊர். அங்கே மாணவர் வானொலி 1972-இல் தொடங்கியது. 1980 ஏப்ரலில் ஆர்.இ.எம். என்ற நால்வர் குழு அந்த ஊரில் முதல்முறையாக மேடையேறியது. அடுத்த வருடம் ஹிப்-டோன் என்ற குட்டி நிறுவனம் அவர்களின் முதல் தட்டை வெளியிட்டது. வணிக வானொலி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மாணவர் நிலையங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்துப் போட்டன. ஓர் ஊரின் கல்லூரி நிலையம் போட்டால் அந்த ஊரில் சின்னக் கச்சேரிக்கு இருநூறு பேர் வருவார்கள். குழு வேனில் ஏறி அடுத்த ஊருக்குப் போகும். 1983-இல் அவர்களின் முதல் முழு ஆல்பம் 'மர்மர்' வந்தபோது, ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் விமர்சகர்கள் அந்த வருடத்தின் சிறந்த ஆல்பமாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். மைக்கேல் ஜாக்ஸனின் 'த்ரில்லர்' உலகையே ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்த வருடம் அது. கல்லூரி நிலையங்கள் என்ன போடுகின்றன என்பதைத் திரட்டி வெளியிட 1978-இலேயே சி.எம்.ஜே. என்று ஒரு பத்திரிகையும் வந்திருந்தது. எண்பதுகளின் நடுவில் பெரிய கம்பெனிகள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் புதுக் குழுக்களைத் தேடின.

சியாட்டில் நகரின் கதை இன்னும் சுவையானது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கே.சி.எம்.யூ. நிலையத்தில் புரூஸ் பேவிட் என்பவர் சிறு நிறுவனங்களின் தட்டுகளுக்காக ஒரு நிகழ்ச்சி நடத்தினார். ஜோனதன் போன்மேன் உள்ளூர்க் குழுக்களுக்காக இன்னொன்று நடத்தினார். இருவரும் சேர்ந்து சப் பாப் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைக் கட்டினார்கள். சவுண்ட்கார்டன் குழுவின் கிதார்க் கலைஞர் கிம் தாயில் அதே நிலையத்தில் அறிவிப்பாளர். 1988-இல் சப் பாப் ஆயிரம் பிரதி மட்டும் போட்டு ஒரு தட்டு வெளியிட்டது: நிர்வாணா குழுவின் முதல் தட்டு. அக்குழுவின் பாடகர் கர்ட் கோபேன் அதைத் தானே கொண்டுபோய் நிலையத்தில் கொடுத்தார். பிறகு காரில் போய்க்கொண்டே வானொலியைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். பாட்டு வரவில்லை. வழியில் நிறுத்தி, காசு போட்டுப் பேசும் தொலைபேசியிலிருந்து நிலையத்தைக் கூப்பிட்டு, நேயர் போலத் தன் பாட்டையே விரும்பிக் கேட்டார். சிறிது நேரத்தில் அது ஒலித்தது. மூன்று வருடம் கழித்து அதே குழுவின் 'நெவர்மைண்ட்' உலகம் முழுக்க விற்றது.

தன் பாட்டு காற்றில் வருமா என்று ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்தி நிற்கிற அந்தத் தவிப்பு நம் ஊர்ப் பையன்களுக்கும் உண்டு. அவர்கள் கூப்பிடத்தான் எண் இல்லை.

இந்தியாவில் காற்றலை நெடுங்காலம் அரசின் தனிச்சொத்து. ஆனால் தொடக்கம் அப்படியில்லை. 1924-இல் சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியில் உருவான வானொலிச் சங்கம் நாற்பது வாட் கருவியோடு பாட்டையும் பேச்சையும் ஒலிபரப்பியது. 1927-இல் பணமில்லாமல் நின்றுபோனது. கருவியை வாங்கிக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930-இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. அப்புறம் அரசு.

கதவு திரும்பத் திறந்தது 1995 பிப்ரவரி 9-இல். கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை பற்றிய வழக்கில், காற்றலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசு அதற்குச் செவிசாய்க்க ஏழு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. 2002 டிசம்பரில், பெயர்பெற்ற கல்வி நிறுவனங்கள் மட்டும் சமுதாய வானொலி நடத்தலாம் என்று கொள்கை வந்தது. 2004 பிப்ரவரி 1-இல் சென்னை கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 90.4-இல் ஒலித்தது. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி அதுதான். அப்போதைய துணைப் பிரதமர் எல்.கே. அத்வானி தொடங்கிவைத்தார், கட்டி எழுப்பியவர் பேராசிரியர் ஆர். ஸ்ரீதர். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் இதில் முன்வரிசையில் நின்றன. எம்.ஓ.பி. வைணவக் கல்லூரி, லயோலா, திருச்சி ஹோலி கிராஸ் என்று வரிசையாக நிலையங்கள் வந்தன. கொங்குப் பக்கம் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. கல்லூரியின் 107.8, வேளாண் பல்கலைக்கழகத்தின் 107.4, பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரியின் 90.4.

விதிகளைப் படித்தால் இந்த நிலையங்களிடம் அரசு எதை எதிர்பார்த்தது என்று புரிந்துவிடும். கல்வி, சுகாதாரம், வேளாண்மை, சுற்றுச்சூழல், சமூகநலம். பட்டியலின் வாலில் பண்பாடு. செய்தி கூடாது. நிகழ்ச்சியில் பாதியாவது அந்தந்த ஊர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும். கதிர்வீச்சுச் சக்தி அதிகபட்சம் நூறு வாட், கருவி பொதுவாக ஐம்பது வாட், கோபுரம் தரையிலிருந்து முப்பது மீட்டர். அலை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போய் ஓய்ந்துவிடும். திரைப்பாட்டு போட வேண்டுமானால் உரிமைக்காரர்களிடம் அனுமதியும் பணமும். இவற்றில் ஒன்றுகூட உள்ளூர்ப் பாட்டுக் குழுவுக்கு எதிரானது இல்லை. சொல்லப்போனால் சாதகம்: திரைப்பாட்டு விலை அதிகம், உள்ளூர்க் குரலுக்கு விதியே இடம் ஒதுக்குகிறது. அமெரிக்க மாணவர்களுக்கு இருந்ததைவிட வலுவான காரணம் நம் மாணவர்களுக்கு இருந்தது.

பிறகு ஏன் ஓர் ஆர்.இ.எம். இங்கே பிறக்கவில்லை?

ஒரு காரணம், நிலையம் மாணவர் கையில் இல்லை. உரிமம் நிர்வாகத்தின் பெயரில். துறைப் பேராசிரியர் மேற்பார்வை. மாணவர்கள் கருவியை இயக்கினார்கள், குரல் கொடுத்தார்கள். எதைப் போடுவது என்ற முடிவு மேலே. உரிமத்துக்கு ஆபத்து வருமோ என்ற அச்சம் அங்கே இயல்பு. அந்த அச்சத்தில் நள்ளிரவு நிகழ்ச்சி முளைக்காது. இன்னொரு காரணம் சினிமா. தமிழில் பாட்டு என்றாலே திரைப்பாட்டு என்று மூன்று தலைமுறை பழகிவிட்டது. கல்லூரி விழா மேடையில்கூடக் கிதார் பிடித்த பையன் திரைப்பாட்டைத்தான் வாசிப்பான். சொந்தப் பாட்டு வாசித்தால் கீழே இருந்து சத்தம் வரும். மூன்றாவது காரணம் சங்கிலி. ஏதென்ஸில் வானொலி, சின்ன அரங்கு, தட்டுக் கடை, மாணவர் பத்திரிகை எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருந்தன. வானொலியில் பெயர் கேட்டவர் அன்று இரவே நேரில் பார்க்கலாம். நம் நிலையம் ஒலிபரப்பியதும் பாட்டு அங்கேயே நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை இரவு அதே குழுவைக் கேட்க ஓர் இடம் கோவையில்கூட அரிதாக இருந்தது.

முதல் காரணம்தான் கனமானது என்று எனக்குப் படுகிறது. அரங்கமும் கடையும் தேவை வந்தால் முளைக்கும். பிடித்ததைப் போடும் உரிமை இல்லாத இடத்தில் நம்பகம் முளைக்காது.

கொங்கு நாட்டிலிருந்து எழுந்த பெரிய இசைக் குழு எது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தமிழ் ராப்புக்கு முன்னோடி மலேசியா. யோகி பி-யும் நட்சத்ராவும் 2006-இல் 'வல்லவன்' ஆல்பத்தோடு வந்தார்கள். இங்கே அதைக் கையில் எடுத்தவர்கள் ஹிப்ஹாப் தமிழா: கோயம்புத்தூர்க்காரர் ஆதியும் அவர் கூட்டாளி ஜீவாவும். இணையத்தில் பாட்டுகளைப் போட்டுக்கொண்டிருந்த இவர்களை ஹலோ எஃப்.எம். என்ற தனியார் வானொலி அழைத்து நேரலையில் பாடவைத்தது. பாடியது 'கிளப்புல மப்புல'. அந்தப் பாட்டு பெண்களைப் பற்றிப் பேசிய விதத்துக்குக் கண்டனம் எழுந்தது. அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆனால் வானொலி அறையில் எடுத்த அந்தக் காணொளி யூடியூபில் பற்றிக்கொண்டது. 2012-இல் 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம், 2015-இல் 'ஆம்பள' மூலம் திரையிசை, 2017-இல் ஆதியே எழுதி இயக்கி நடித்த 'மீசைய முறுக்கு'.

அந்தக் காணொளியில் ஒலிவாங்கியும் வானொலி அறையும் தெரிகின்றன. பார்ப்பவர் மனதில் பழைய நோட்டீஸின் அடைமொழி செய்த வேலையை அந்த அறை செய்தது: வானொலிக்காரர்கள் கூப்பிட்டுப் பாடவைத்திருக்கிறார்கள் என்றால் ஏதோ இருக்கிறது. ஒரு கல்லூரி நிலையம் செய்திருக்க வேண்டிய காரியம் அது. வணிக நிலையம் ஒருமுறை செய்தது. அது நல்ல காரியம். ஆனால் அடுத்த குழுவுக்கும் அதற்கடுத்த குழுவுக்கும் கதவைத் திறந்துவைக்க வணிக நிலையத்துக்கு வழியில்லை. ஏல விலையும் உரிமத் தொகையும் கட்டிய நிலையம் ஒவ்வொரு மணி நேரத்தையும் விற்றாக வேண்டும். விலைபோகிற சரக்கு திரைப்பாட்டு.

சென்னையில் சினிமாவுக்கு வெளியே எழுந்த குழுக்கள் வானொலியை எதிர்பார்க்கவே இல்லை. ஐ.ஐ.டி.யின் சாரங் போன்ற கல்லூரி விழாப் போட்டிகள் சிலருக்குப் பெயர் கொடுத்தன. இணையம் பலருக்குக் கொடுத்தது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் திறந்த மேடையில் எழுந்த கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவுக்குப் பின்னால் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் நின்றன. கூட்டம் திரண்ட பிறகே ஊடகங்கள் வந்தன.

இனி திருப்பூர். பீளமேட்டிலிருந்து கிளம்பும் அலை திருப்பூருக்கு வராது. பெருந்துறை இன்னும் பக்கம், அதுவும் எட்டாது. பனியன் கம்பெனியில் ஓடுவது தனியார் எஃப்.எம். பவர் டேபிள் இரைச்சலில் பாட்டு காதில் ஏறாது. செக்கிங், பேக்கிங் பக்கம் போனால் கேட்கும். காலை எட்டரைக்கு நுழைந்து, ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரைக்கு வெளியே வருபவர், நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வானொலி கேட்கும் நேயர். உலகத்தில் எந்த நிலையத்துக்கும் இப்படி ஒரு நேயர் கூட்டம் வரம். பிளேடு பிடித்துப் பிசிறு வெட்டும் அந்தக் கைகளுக்கு மேலே நாள் முழுக்க ஒலிப்பது சென்னையில் பதிவான பாட்டு.

இதே தொழில், இதே போன்ற தொழிலாளர்கள், ஆனால் வேறு மாதிரி ஒரு வானொலி இந்தியாவிலேயே உண்டு. டெல்லிக்குப் பக்கத்தில் குருகிராமின் உத்யோக் விஹாரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் நிறைந்திருக்கின்றன. 2009 நவம்பரில் அங்கே 'குர்காவ் கி ஆவாஸ்' என்ற சமுதாய வானொலி 107.8-இல் தொடங்கியது. தி ரெஸ்டோரிங் ஃபோர்ஸ் என்ற தொண்டு நிறுவனத்தின் முயற்சி. வழிநடத்தியவர் ஆர்த்தி ஜெய்மன். திரைப்பாட்டு போடுவதில்லை என்பது அதன் கொள்கை. பக்கத்துக் கிராமங்களின் ஹரியானா ராகினிப் பாடகர்கள் வந்து பாடினார்கள். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் தைக்க வந்தவர்கள் போஜ்புரி பாடினார்கள். தெருவில் பாடிக்கொண்டிருந்தவர் 'வானொலிக்காரர்' ஆனார். அது வளாக வானொலி இல்லை; 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி விரிந்ததால் பிறந்தது. கல்லூரிகளிடம் இருந்த அதே ஐம்பது வாட் கருவிதான். ஆனால் எதைப் போடுவது என்பதில் அதற்கு ஓர் உறுதி இருந்தது.

திருப்பூர்ப் பக்கம் புதுக் குழுக்களுக்குப் பஞ்சமே இல்லை. ஜமாப் என்ற மேளக் குழுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வயதுப் பையன்கள், பெரும்பாலும் பனியன் வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமையில் மந்தையில் சேர்ந்து அடித்துப் பழகுகிறார்கள். ஒரே நிறத்தில் டி-ஷர்ட். முதுகில் குழுவின் பெயர், ஊர், கைபேசி எண். டி-ஷர்ட்டுக்கு இந்த ஊரில் பஞ்சமா! அடியின் வேகம் மாறும் இடத்தில் முன்னால் நிற்பவர் கையைத் தூக்குவார். ஒரு நொடி எல்லாக் குச்சியும் காற்றில் நிற்கும். பிறகு மொத்தமாக இறங்கும். பூவோடு ஊர்வலத்தில் அந்த ஒரு நொடிக்காகவே கூட்டம் நெருக்கியடிக்கும். பறை, துடும்பு, பம்பை, உருமி என்று பல மரபுகளின் சரக்கு அதில் கலந்திருக்கிறது. எந்த ஊர் அடி, யாரிடம் கற்றது என்று அவர்களுக்குள் பெரிய விவாதமே நடக்கும். அந்த விவாதம் எங்கும் பதிவாகவில்லை.

வள்ளி கும்மியும் அப்படித்தான். கோவை மாவட்டத்தின் பத்திரப்பன் ஐயா வள்ளி ஒயில் கும்மியைத் தலைமுறைகளுக்குக் கற்றுக்கொடுத்தவர். 2024-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. ஒரு காலத்தில் ஆண்கள் மட்டும் ஆடிய கும்மியில் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் இன்று நூற்றுக்கணக்கில் ஒரே சேலை, ஒரே அடவில் ஆடுகிறார்கள். ஊருக்கு ஊர் ஆசிரியர், ஊருக்கு ஊர் அரங்கேற்றம். குழு எது, எவ்வளவு கேட்கிறது என்பதைக் கமிட்டிக்காரர்கள் இன்று கைபேசிக் காணொளியில் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். காணொளியில் கூட்டமும் சேலையும் ட்ரோன் காட்சியும் நன்றாகத் தெரிகின்றன. முன்பாடகரின் குரல் ஒலிபெருக்கி இரைச்சலில் முங்கிப்போகிறது. வரிசையில் எத்தனை பேர் என்பது பெயராகிறது. யார் நன்றாகப் பாடுகிறார் என்பது பெயராவதில்லை. குரலை மட்டும் தனியே கேட்டு, இது நல்ல குரல் என்று சொல்ல ஒரு செவி வேண்டும். கோவை நிலையத்தின் தேர்வாளர் ஒரு எண்ணைப் பார்த்துக் கேட்டபோது இருந்தது அந்தச் செவிதான்.

விதிகள் இன்று இன்னும் தளர்ந்திருக்கின்றன. தொடக்கத்தில் மணிக்கு ஐந்து நிமிடம் மட்டும் விளம்பரம் போடலாம் என்றிருந்தது, பிறகு ஏழாகி, 2024-இல் பன்னிரண்டு நிமிடம் ஆனது. நாட்டில் சமுதாய வானொலிகளின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டிவிட்டது. விண்ணப்பிக்க அங்கீகாரம் பெற்ற கல்லூரி போதும். திருப்பூரில் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது, முதலிபாளையத்தில் பின்னலாடைத் தொழிலுக்கென்றே ஏற்றுமதியாளர்கள் உருவாக்கிய நிஃப்ட்-டீ இருக்கிறது. எல்.ஆர்.ஜி.யில் படிக்கும் பெண்களில் பலர் பனியன் தொழிலாளிகளின் பிள்ளைகள். மாலையில் கும்மிப் பயிற்சிக்குப் போகிறவர்களும் அவர்களில் உண்டு. ஐம்பது வாட் கருவி ஒன்று அந்த ஊரின் நடுவில் நின்றால், காதர்பேட்டையிலிருந்து அனுப்பர்பாளையம் வரை செக்கிங் மேசைகளுக்கு அதன் பாட்டு எட்டும். எந்தப் பாட்டு என்பதை அந்தப் பெண்களே தீர்மானிக்கட்டும்.

(தொடரும்)